மச்சாள் நேர்ந்த பாவற்காய்

பாவற்காய் வளர்ப்பதாக நான் எந்தத் தெய்வத்திடமும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்னவர் என் மச்சாள், அதாவது மனைவியின் அக்கா. அவர் இருப்பது பாரிஸ் நகரத்துக்கு வெளியே. கேட்டுக்கொண்டவர் லண்டனில் ஆர்ச்வே மேட்டில் கோவில் கொண்டிருக்கும் முருகன். வளர்க்க வேண்டியவன் ஹரோவில் இருக்கும் நான். மூன்று பேர் சம்பந்தப்பட்ட இந்த ஒப்பந்தத்தில் என்னைத் தவிர மற்ற இருவரும் கலந்து பேசியிருந்தார்கள்.

பெப்ரவரியில் மனைவியின் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தித் திசு எடுத்தார்கள். முடிவு பத்து நாளில் வரும் என்றார்கள். பதினேழு நாள் எடுத்தது. அந்தப் பதினேழு நாளும் அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வழக்கம்போலச் சமைத்தாள், வழக்கத்துக்கு மாறாக என்னோடு ஒரு தரம்கூடச் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கடிதம் வந்தது. இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, செப்டம்பரில் மறுபடி ஸ்கேன் செய்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். பத்திரிகையில் மற்றவர்களுடைய வாக்கியங்களில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லில் என் கண் நின்றது. அவளுடைய கண்ணும் நின்றிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் அந்தக் கடிதம் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.

கடிதம் வந்த அன்று பின்னேரமே மச்சாள் வட்ஸ்அப் வீடியோவில் தோன்றினார். கையில் அகப்பை. பின்னால் சட்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

“முருகன் காப்பாத்திப்போட்டான்” என்றார். “தம்பி நிக்கிறாரோ? அவரைக் கூப்பிடு.”

நான் போனுக்குள் முகத்தைக் காட்டினேன்.

“தம்பி, நான் ஒரு நேர்த்தி வைச்சனான். முடிவு நல்லா வந்தால் நீங்கள் உங்கட கையால பாவக்காய் வைச்சு, முதல் காயை ஆர்ச்வே முருகனுக்குக் கொண்டுபோய்க் குடுப்பியள் எண்டு.”

“நேர்ந்தது நீங்கள். வைக்கிறது நானோ?”

“பின்ன?”

“அக்கா, நீங்களே வைக்கலாமே. உங்களுக்குப் பெரிய தோட்டமெல்லே இருக்கு.”

“நான் வைக்கிறதில என்ன கஷ்டம் இருக்கு? இஞ்ச வேலி முழுக்கப் பாவக்காய்தான். நேர்த்தி எண்டால் ஒரு கஷ்டம் இருக்க வேணும், தம்பி. உங்களை மண்ணுக்குள்ள கை வைக்கப்பண்ணுறது எவ்வளவு கஷ்டம் எண்டு முருகனுக்கும் தெரியும்.”

அதில் பிழை பிடிக்க இடமிருக்கவில்லை. இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம். பின்வளவில் புல் தானாக வளர்ந்தது, நான் பணம் கொடுத்து அதை வெட்டுவித்தேன். எனக்கும் இயற்கைக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். வளவின் மூலையில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு சிறிய கண்ணாடிக் கூடு இருந்தது. வெள்ளைக்காரர் அதில் தக்காளி வளர்த்திருப்பார்கள். நாங்கள் சில்லு உடைந்த சூட்கேஸ்களை வளர்த்தோம்.

பகடியாக ஏதோ சொல்லித் தப்பலாம் என்று திரும்பினேன். மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனில் தெரிந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “அவர் செய்வார்” என்றாள். கோவிலுக்கு வருடத்தில் இரண்டு தரம் போகிறவள், நேர்த்தி என்று ஒருநாளும் வாய் திறக்காதவள். ஆனால் இப்போது நேர்ந்தாகிவிட்டது. நேர்ந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டுச் செப்டம்பரில் அந்த ஸ்கேன் மேசையில் போய்ப் படுக்க அவளால் முடியாது. அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விவாதித்திருப்பேன். விவாதிக்க முடியாதபடி சும்மா இருந்தாள்.

எனவே நான் விவசாயியானேன்.

விதை வாங்க அப்டன் பார்க்குக்குப் போனோம். ஹரோவிலேயே தமிழ்க் கடைகள் உண்டு; ஆனால் எதையாவது உண்மையான அக்கறையோடு வாங்குவதென்றால் லண்டனின் மறுகோடிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கிறீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் விதைப் பைக்கற்றை எடுத்துத் தந்துவிட்டு, “எங்க வைக்கப்போறியள்?” என்று கேட்டார். ஹரோ என்றேன். “அங்க குளிர் கூடவெல்லே” என்றார், ஏதோ நான் நோர்வே என்று சொன்னதுபோல. பைக்கற்றில் இருந்த படத்தில் பாவற்காய் என் முழங்கை நீளத்தில் இருந்தது. பைக்கற்றின் பின்பக்கத்தில் ஆறு மொழிகளில் வளர்க்கும் முறை எழுதியிருந்தது. தமிழில் இருந்ததில் மூன்று எழுத்துப் பிழைகள். விதையின் தரத்தைப் பற்றி எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

பத்து விதைகளை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரக் கடதாசியில் சுற்றி, பொயிலர் இருக்கும் அலுமாரிக்குள் துவாய்களுக்கு மேலே வைத்தேன். பதினொரு நாளில் ஏழு முளைத்தன. யன்னலோரச் சட்டிகளுக்கு மாற்றியதில் இரண்டு படுத்துவிட்டன. மிஞ்சியது ஐந்து. இந்தக் கணக்கை நான் வைத்திருக்கத் தேவையே இல்லை. பாரிசில் ஒருவர் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு மச்சாளின் பரிசோதனை. போனைச் சட்டிக்குச் சட்டி நான் பிடித்துக் காட்ட வேண்டும்.

“கிட்டக் கொண்டுபோங்கோ. இல்லை, இலைக்குக் கீழ. உது என்ன வெள்ளை?”

“வெளிச்சம்.”

“சரி. தண்ணி கூடிப்போச்சுது.”

விதிகள் ஒவ்வொன்றாக அங்கேதான் பிறந்தன. கடையில் கன்று வாங்கலாமா என்று கேட்டேன். கூடாது, உங்கட கையால என்றால் விதையிலிருந்து. பையில் விற்கும் மண்ணை வாங்கலாமா? வாங்கலாம், மண் எல்லாம் ஒரே மண். நான் வெளியூர் போகிற நாளில் மனைவி தண்ணீர் ஊற்றலாமா? இதற்கு அவர் கொஞ்சம் யோசித்தார். “ஊத்தலாம். தண்ணி எண்டது மழை மாதிரி. வேற ஒண்டும் அவள் தொடக்கூடாது.” எழுதப்படாத ஒரு சட்டத்துக்கு இவ்வளவு வேகமாகத் திருத்தங்கள் வருவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு அண்ணை இருக்கிறார். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுத்தோட்டக்காரர்களுக்கென ஒரு வட்ஸ்அப் குழு நடத்துகிறார். என்னையும் அதில் சேர்த்துவிட்டார். ஒருவர் கீரையின் படம் போட்டால் முப்பது பேர் கைகூப்புவார்கள். கீரை எதுவும் சொல்லாது. ஒரு பெண்மணி தன் கறிவேப்பிலைக் கன்றுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்; நாற்பது வாழ்த்துகள். எனக்குத் தெரிந்து அந்தக் குழுவில் உள்ள சிலர் தங்கள் பிள்ளைகளுடன் பேசுவதில்லை.

மே மாதக் கடைசியில், குளிர் போய்விட்டதென்று அண்ணை அறிவித்த பிறகு, ஐந்து கன்றுகளையும் வேலியோரத்தில் நட்டேன். அவர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்வையிட்டார்.

“மீன் கழுவின தண்ணி ஊத்துங்கோ” என்றார். “பேந்து பாருங்கோ வளத்தியை.”

“நரி வராதோ அண்ணை?”

“என்ர வளவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.”

சனிக்கிழமை மீன் வாங்கி, கழுவிய தண்ணீரை ஐந்து கன்றுக்கும் பங்கிட்டு ஊற்றினேன். ஞாயிறு காலை பார்த்தபோது வேலியோரம் வீதி வேலை நடக்கும் இடம்போல இருந்தது. லண்டன் நரிகள் நிதானமானவை. ஒழுங்காக வரிசையில் தோண்டியிருந்தன. முதல் மூன்று கன்றுகள் வேரோடு புல்லில் கிடந்தன. நான்காவது குழியில் வேலை அரைவாசியில் நிறுத்தப்பட்டிருந்தது. ஏமாற்றத்தில் போயிருக்க வேண்டும்.

அண்ணையிடம் போய் நின்றேன்.

“உங்கட வளவுக்கு மட்டும் ஏன் நரி வாறேல்லை?”

“எங்கட வீட்டில மீன் சமைக்கிறேல்லையே. நாங்கள் சைவமெல்லோ.”

“அப்ப மீன் தண்ணி?”

“அது குழுவில ஆரோ போட்டவை. நல்லதெண்டு சொல்லிச்சினம்.”

அன்று பதினொரு மணிக்கு மச்சாளுக்கு இரண்டு கன்றைக் காட்டினேன். மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டார். நரி என்றேன். அவர் முகம் நரியை நம்பவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மனைவி உள்ளே போய்விட்டாள். சட்டி கழுவும் சத்தம் கேட்டது. கழுவ ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று கழுவியது நான்.

மிஞ்சிய இரண்டு கன்றுகளையும் சட்டிக்கு மாற்றிக் கண்ணாடிக் கூட்டுக்குள் கொண்டுபோனேன். சூட்கேஸ்கள் கராஜுக்குப் போயின. இனி எந்த நரியும் நுழையக் கூடாதென்று கதவை இறுக்கிச் சாத்தி, உள்ளே கயிறு கட்டிக் கொடியை ஏற்றினேன். ஜூலை முழுக்கக் கொடி வளர்ந்தது. நானே எதிர்பார்க்காத வேகம். கயிற்றைப் பிடித்து, கூரையைத் தொட்டு, திரும்பி வந்தது. மஞ்சள் பூக்கள் வந்தன. படம் எடுத்துக் குழுவில் போட்டேன், கைகள் கூப்பப்பட்டன. நான் அந்தக் கைகளை எண்ணினேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு.

பூக்கள் எல்லாம் விழுந்தன.

அவை ஆண் பூக்கள் என்று குழு விளக்கியது. பெண் பூ பிறகு வரும், அதன் அடியில் பிஞ்சுபோல ஒன்று இருக்கும் என்றார்கள். ஓகஸ்ட் முதல் வாரத்தில் பெண் பூவும் வந்தது. அடியில் என் சின்னவிரல் நகமளவில் முள்ளு முள்ளாக ஒரு பிஞ்சு. மூன்று நாளில் அது மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. அதற்கடுத்ததும். தக்காளிக்கு ஊற்றும் திரவ உரத்தை வாங்கிவந்து ஊற்றினேன். போத்தலில் சொன்ன அளவை மீறவில்லை. பத்திரிகைக்காரன் போத்தலில் எழுதியிருப்பதை நம்புவான்.

அந்த வாரம்தான் ஸ்கேனுக்குத் திகதி குறித்துக் கடிதம் வந்தது. செப்டம்பர் இரண்டாவது செவ்வாய். மனைவி அதைக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்ற முதல் கேட்டாள்.

“ஏதும் பிடிச்சிருக்கோ?”

“இல்லை.”

“சரி.”

அவ்வளவுதான் உரையாடல். ஒருநாள் நான், பாரிசிலிருந்து ஒரு காயைக் கொண்டுவந்து கொடுத்தால் முருகன் கண்டுபிடிப்பாரா என்று கேட்டேன். பகடிக்குத்தான். அவள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தினாள்.

“உங்களுக்கு எல்லாம் பகிடி” என்றாள். “படுத்துக் கிடக்கப்போறது நான்.”

அன்றைக்குப் பிறகு நான் பாவற்காயைப் பற்றிப் பகடி பேசவில்லை. மனதுக்குள் பேசினேன், அதற்குத் தடை இருக்கவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு பிஞ்சு உதிராமல் நின்றது. மூன்று நாள், நான்கு நாள், ஒரு வாரம். நீண்டது. பிறகு பக்கத்தில் இன்னொன்றும் நின்றது. நான் உரப் போத்தலைப் பெருமையோடு பார்த்தேன். குழுவில் படத்தோடு ஒரு நீண்ட குறிப்பும் எழுதினேன்: எந்த உரம், என்ன அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை. பொறுமை முக்கியம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். இப்போது வாசித்தால் கூசுகிறது. அண்ணை அதைக் குழுவின் மேல் பகுதியில் நிரந்தரமாக ஒட்டிவைத்தார். இரண்டு பேர் என்னிடம் தனியாக ஆலோசனை கேட்டார்கள். ஒருவருக்கு நான் தொலைபேசியில் அரைமணி நேரம் விளக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளியலறை யன்னலைத் திறந்தேன். அங்கிருந்து பார்த்தால் பின்வளவு முழுக்கத் தெரியும். கண்ணாடிக் கூட்டுக்குள் மனைவி நின்றாள். ஹவுஸ்கோட்டுக்கு மேல் என்னுடைய பழைய ஜம்பர். கையில் மகள் கலியாணம் முடித்துப் போகும்போது விட்டுச்சென்ற ஒப்பனைத் தூரிகை. ஒரு பூவுக்குள் அதை மெதுவாகச் சுழற்றினாள். பிறகு குனிந்து, இலைகளை விலக்கி, வேறொரு பூவைத் தேடிப்பிடித்து, அதற்குள் தொட்டாள். மறுபடி முதல் பூ. மறுபடி மற்றது. போனைச் சட்டியில் சாத்தி வைத்திருந்தாள். அதில் யாரோ ஒரு வீடியோவில் அதையே செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் வெளியே வந்து, கதவை நான் சாத்தும் விதத்திலேயே இறுக்கிச் சாத்தி, கொளுக்கியைச் சரிபார்த்தாள்.

நரிக்குப் பயந்து நான் சாத்திய கதவு தேனீயையும் வெளியே நிறுத்தியிருக்கிறது. இரண்டு மாதமாக உள்ளே ஒரு பூச்சிகூட வந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வீடியோ போதுமாக இருந்தது. எனக்கு நாற்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது.

கீழே வந்தபோது அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜம்பர் கையில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. “இண்டைக்குக் குளிருது, என்ன?” என்றேன். “ஓம்” என்றாள். இதற்குமேல் இருவரும் எதையும் வெளியிடவில்லை. கண்டதை உடனே எழுதித் தள்ளுகிற தொழிலில் இருந்தவனுக்கு அது புதுப் பழக்கம். கேட்டால் அவள் ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்டால் நேர்த்தி பழுதாகிவிட்டது என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். வேற ஒண்டும் அவள் தொடக்கூடாது என்று பாரிஸ் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருக்கும். புதிதாக ஒன்று காய்க்கச் செப்டம்பரில் நாள் இல்லை.

ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, முதல் காயை வெட்டினேன். ஒன்பது சென்ரிமீற்றர். நுனி ஒரு பக்கம் வளைந்திருந்தது. பைக்கற் படத்தோடு ஒப்பிட்டால் அது வேறு மரக்கறி. வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, அவற்றுக்கு நடுவில் ஒரு கைக்குட்டையில் சுற்றிய அந்தக் காய், எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறினோம். அவள் பையை மடியில் வைத்திருந்தாள். கிங்ஸ் குறொஸில் மாறும்போது நான் தூக்குகிறேன் என்றேன், தரவில்லை. ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறதென்று பையைத் தந்தாள்.

“தட்டில நீங்கள்தான் வைக்க வேணும்” என்றாள்.

வைத்தேன். தட்டை வாங்கிய இளம் குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். மனைவியின் பெயரைச் சொன்னேன். உள்ளே திரும்பப் போன அவர், தட்டைப் பார்த்து நின்றார்.

“இது வீட்டில காய்ச்சதோ?”

“ஓம்.”

“வெளியிலயோ, உள்ளுக்கோ?”

“கண்ணாடிக் கூட்டுக்குள்ள.”

“நானும் ரெண்டு வருசமா வைச்சுப் பாக்கிறன். பூக்குது, காய்க்குதில்லை. என்ன உரம் போடுறியள்?”

எனக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்ற மனைவி கண்ணை மூடியிருந்தாள். மூடிய இமைக்குள் கண் அசைந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றார்கள். தக்காளி உரம் என்று சொல்ல வாயெடுத்தேன். பூக்குது, காய்க்குதில்லை என்று கேட்கிற மனிதனுக்கு, அதுவும் அந்த இடத்தில் வைத்து, அந்தப் பொய்யைச் சொல்ல வரவில்லை.

“உரம் இல்லை ஐயா” என்றேன். “காலமை பூவைத் தூரிகையால தொட்டுவிட வேணும்.”

“அப்பிடியோ” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். மனைவி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தீபம் காட்டும் வரைக்கும் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் கடதாசித் தட்டோடு எதிரெதிரே உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஒரு பக்கத்தில் கப்பில் பாயசம். அவள் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

“எப்ப பாத்தனீங்கள்?”

“மூண்டு கிழமைக்கு முதல்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீரும் சொல்லேல்லை.”

“நான் எப்பிடிச் சொல்லுறது? உங்கட கையாலதானே செய்ய வேணும் எண்டு அக்கா சொன்னவா. பிஞ்சு பிஞ்சா விழுறதைப் பாத்துக்கொண்டு என்னால சும்மா இருக்க ஏலேல்லை.” குரல் தாழ்ந்தது. “இப்ப அது சரியோ பிழையோ? செவ்வாய்க்கிழமை நான் எப்பிடிப் போறது?”

நான் என்னிடம் இருந்த ஒரே திறமையைப் பயன்படுத்தினேன். நேர்த்தியில் என்ன சொல்லியிருக்கிறது? வைக்க வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வைத்தது நான், கொடுத்தது நான். பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோவது தேனீயின் வேலை. தேனீ செய்தால் குற்றமில்லையென்றால் நீர் செய்தாலும் குற்றமில்லை. தண்ணீருக்கு விலக்கு இருக்கிறது, தேனீக்கும் இருக்கத்தான் வேண்டும். நல்ல வாதம் என்றுதான் நினைத்தேன்.

“அது நீங்கள் சொல்லுறது” என்றாள். “அக்கா சரியா என்ன சொன்னவா எண்டு கேப்பம்.”

ஏழு மாதமாக நான் கேட்காத கேள்வி அது. மூலத்தைச் சரிபார்க்காமல் ஒரு வரி எழுதினாலும் மற்றவர்களைக் கிழித்தவன், ஒரு முழுத் தோட்டத்தைச் செவிவழிச் செய்தியின் மேல் நட்டிருந்தேன். அவள் போனை எடுத்துப் பாயசக் கப்பில் சாத்தினாள். மச்சாள் வந்தார். அவர் தோட்டத்தில் நின்றார். பின்னால் பாவற்காய்கள் தடித்துத் தொங்கின.

“குடுத்தாச்சோ?”

“குடுத்தாச்சு. அக்கா, நீ அண்டைக்கு நேர்ந்தது சரியா என்ன சொல்லி?”

“என்னெண்டால்?”

“முருகனிட்ட என்ன சொன்னனீ? உள்ளபடி சொல்லு.”

மச்சாள் ஒரு காயைத் தடவிக்கொண்டு யோசித்தார். மண்டபத்தில் யாரோ மோர் கேட்டார்கள்.

“அது... தங்கச்சிக்கு ஒண்டும் இருக்கக்கூடாது, தோட்டத்தில காய்க்கிற முதல் காய் உனக்கு எண்டு சொன்னனான்.”

“ஆற்ற தோட்டத்தில?”

“அப்ப அதைச் சொன்னனானோ தெரியாது. பதறிப்போய் நிண்டன். பேந்து முடிவு வந்தோடன யோசிச்சன், என்ர தோட்டத்தில காய்க்கிறது பெரிய வேலையோ எண்டு. தம்பி செய்தால்தான் அதுக்கு ஒரு மதிப்பு.”

“பாவக்காய் எண்டு சொன்னனியோ?” என்று கேட்டேன்.

“அண்டைக்குச் சட்டியில பாவக்காய் கிடந்தது, தம்பி. அதான் உங்களுக்குச் சொல்லேக்க வாயில வந்தது.” பிறகு, நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைக் கண்டு, “ஏன், நான் ஜூன் மாதமே இஞ்சத்தைக் கோவிலுக்கும் ஒரு பயத்தங்காய்க் கட்டுக் குடுத்தனான். ஒரு காப்புக்கு” என்றார்.

நேர்த்தி ஜூனிலேயே முடிந்திருந்தது. பயற்றங்காயில். என் மூன்று கன்றுகளை நரி தோண்டிய அதே பருவத்தில்.

மனைவி போனை வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து எழ ஆயத்தமானேன். அவள் தோள் குலுங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையில் சோறு. அடுத்த வரிசையில் இருந்த வயதான அம்மா திரும்பி என்னை முறைத்தார், கோவிலில் வைத்து மனைவியை நான் ஏதோ செய்துவிட்டதுபோல. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணி வடியச் சிரித்தாள்.

“மீன் தண்ணி...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தாள்.

தட்டில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு எழுந்து போய் வரிசையில் நின்று இன்னொரு தட்டு வாங்கிவந்தாள். கோடை முழுக்க அவள் பாதிச் சாப்பாட்டில் எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன். நரி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் என்னை விட்டுவிட்டு உள்ளே போனாள். போகும்போது தன் கைப்பையை மட்டும் என்னிடம் தந்தாள்.

ஒன்பது நாள் கழித்துப் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. அவள் குசினியில் நின்று கேட்டாள். மூன்று தரம் நன்றி சொன்னாள். மூன்றும் ஒரே குரலில் இருந்ததால் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. போனை வைத்தபிறகுதான் திரும்பினாள்.

“வளரேல்லையாம். அப்பிடியேதான் இருக்காம். ஒரு வருசத்துக்குப் பிறகு வந்தால் போதுமாம்.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு, பழக்க தோஷத்தால், இதில் யாருக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். முருகனுக்கா, அக்காவின் பயற்றங்காய்க்கா, எங்கள் ஒன்பது சென்ரிமீற்றருக்கா?

“கட்டிக்கு” என்றாள். “அதுதானே வளராமல் இருந்தது.”

கேத்திலைப் போட்டுவிட்டு யன்னலால் பின்வளவைப் பார்த்தாள். கண்ணாடிக் கூட்டுக்குள் கொடி பழுப்பாகி, இலை சுருண்டு, கயிற்றில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அதை அறுத்து எறிந்துவிட்டுச் சூட்கேஸ்களைத் திரும்ப வைக்கலாம் என்றேன்.

“இப்ப பிடுங்காதேங்கோ” என்றாள். “அது தன்ரபாட்டில நிக்கட்டும்.”

கொடி செத்து ஒரு வாரமாகியிருந்தது. நிற்கட்டும் என்று விட்டேன்.